நாளைய கார், நம் ஊர் வீதி: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் கான்செப்ட் கார்கள், அதாவது புது யோசனைகளைக் காட்ட நிறுவனங்கள் செய்யும் மாதிரிக் கார்களைப் பற்றிய கேள்விகள்தான் கூடுதல். கண்காட்சி மேடையில் சுழலும் அந்தக் கார்களில் எது நம் கைக்கு வரும், வந்தால் திருகோணமலையின் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் தாக்குப்பிடிக்குமா என்பதே பலரும் கேட்பது. பெரும்பாலான பதில்களுக்கு நிசான் நிறுவனத்தின் கார்களையே எடுத்துக்கொண்டோம். இலங்கையில் பலருக்கு அறிமுகமான முதல் மின்சாரக் கார் அவர்களுடைய லீஃப். மேடையில் காட்டியதையும் கடைசியில் விற்றதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவர்களிடம் நிறைய உண்டு.

உப்புவெளி வாசகி: கான்செப்ட் கார்கள் உண்மையிலேயே ஓடுமா? இல்லை, வெறும் கூடுதானா?

பதில்: இரண்டு வகையும் உண்டு. பல கார்கள் கண்ணாடி நாரிலோ கார்பன் நாரிலோ செய்த உடலும், மேடையில் ஏற்றி இறக்கப் போதுமான ஒரு சிறு மோட்டரும் மட்டும் கொண்டவை. நடக்கும் வேகத்துக்கு மேல் போகா. இன்னும் சில, நிறுவனத்தின் ஓடும் காரொன்றின் அடித்தளத்தின் மேல் புதிய உடலைப் பூட்டியவை. இவை உண்மையாகவே ஓடும்.

படத்தைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கண்ணாடிகள் உள்ளே எதுவும் தெரியாதபடி கறுப்பாக இருந்தால், உள்ளே ஆசனமே இல்லாமல் இருக்க வாய்ப்புண்டு. மழைத்துடைப்பான் இருக்கிறதா பாருங்கள். இலக்கத்தகடு பூட்ட இடம் விட்டிருக்கிறார்களா, கதவு விளிம்பில் ரப்பர் பட்டி தெரிகிறதா என்றும் பாருங்கள். இந்த மூன்றும் இருந்தால் அந்தக் கார் தொழிற்சாலையை நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சில்லுக்கும் சில்லுக்கூட்டுக்கும் இடையில் விரல்கூட நுழையாவிட்டால் அது மேடைக்கானது. ஓடும் காரில் சில்லு மேலும் கீழும் ஆட இடம் வேண்டும்.

1938இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் வடிவமைத்த பியூக் வை-ஜாப் காரைத்தான் முதல் கான்செப்ட் கார் என்று பொதுவாகச் சொல்வார்கள். மூடிக்கொள்ளும் முன்விளக்கு, மின்சாரத்தில் ஏறி இறங்கும் கண்ணாடி எல்லாம் அதிலேயே இருந்தன. அதை அவர் தன் சொந்தக் காராகவே வீதியில் ஓட்டினார்.

கிண்ணியா வாசகர்: கண்காட்சியில் காட்டுவது ஒன்று, விற்பனைக்கு வருவது வேறொன்று. நம்மை ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்று இல்லை. ஆனால் எதை நம்புவது, எதை விடுவது என்று தெரிந்து பார்க்க வேண்டும். ஒரே காரை எடுத்து விளக்குகிறோம்.

நிசான் 2017இல் டோக்கியோவில் ஐஎம்எக்ஸ் என்ற காரைக் காட்டியது. நடுத்தூண் இல்லாமல் எதிரெதிராகத் திறக்கும் கதவுகள், 320 கிலோவாட் மோட்டர் ஆற்றல், ஒரு சார்ஜில் 600 கிலோமீற்றர். இரண்டு வருடம் கழித்து, 2019இல், அதே மேடையில் அரியா கான்செப்ட் வந்தது. 2020 ஜூலையில் விற்பனைக்கான அரியாவைக் காட்டினார்கள். இந்த மூன்றையும் வரிசையாக வைத்தால் எது உதிர்ந்தது, எது தங்கியது என்று தெளிவாகத் தெரியும்.

முதலில் உதிர்ந்தது எதிரெதிர்க் கதவு. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையில் நிற்கும் தூண், பக்கத்தில் வந்து மோதும் வாகனத்தின் அடியைத் தாங்குகிறது. ஆசனப்பட்டியின் மேல்முனை அதில்தான் பூட்டப்படுகிறது. அந்தத் தூணை எடுத்தால் கூரையையும் தரையையும் அதற்கு ஈடாகத் தடிப்பாக்க வேண்டும். எடையும் விலையும் கூடிவிடும்.

அடுத்தது அகலம். அரியா கான்செப்டின் அகலம் 1,920 மில்லிமீற்றர், விற்பனைக் காரின் அகலம் 1,850. எழுபது மில்லிமீற்றர் போயிற்று. நீளத்தில் 5 மில்லிமீற்றர்தான் குறைந்தது (4,600இலிருந்து 4,595). உயரம் 25 மில்லிமீற்றர் கூடியது. ஜப்பானில் அடுக்கு வாகனத் தரிப்பிடங்கள் பலவற்றின் அகல வரம்பும் 1,850 மில்லிமீற்றர்தான். மேடையில் கம்பீரமாகத் தெரியும் தோள் அங்கே உள்ளே நுழையாது.

மூன்றாவது சில்லு. கான்செப்டில் 21 அங்குலம், கடையில் 19 அல்லது 20. பெரிய றிம் போட்டால் டயரின் பக்கச்சுவர் மெலியும். தார் பெயர்ந்த விளிம்பில் ஏறி இறங்கும்போது அந்த அடியை வாங்க ரப்பர் போதாது. றிம் வளையும் அல்லது பக்கச்சுவர் புடைக்கும். நம் பக்கத்தில் உள்வீதிகளில் ஓடுபவர்கள் 19 அங்குலத்தைக்கூடப் பெரிதென்றே நினைக்க வேண்டும்.

தங்கியவை வேறு ரகம். தட்டையான தரை தங்கியது. ஏசியின் பெரும்பகுதியைப் பொனற்றுக்குள் தள்ளி முன்னாசனக்காரரின் காலுக்கு இடம் எடுத்த யோசனை தங்கியது. மரப்பலகை போலத் தெரியும் முகப்பில் தொட்டால் ஒளிரும் பொத்தான்களும் அப்படியே கடைக்கு வந்தன. கான்செப்ட் காரைப் பார்க்கும்போது கண்ணை மேலே வைக்காதீர்கள். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் உள்ள தூரம், தரையின் தடிப்பு, ஆசனத்தின் உயரம், இந்த மூன்றையும் பாருங்கள். இவற்றை முடிவெடுத்து அச்சு வார்க்கப் பெரும் பணம் செலவாகும், ஆகவே நிறுவனம் இதில் விளையாடாது. கதவு எப்படித் திறக்கிறது, விளக்கு எப்படி மின்னுகிறது என்பதெல்லாம் கடைசி வாரம்வரை மாறும்.

திருகோணமலை நகரம், உயர்தர மாணவர்: நிசான் பிவோ காரில் இருக்கைக் கூடே சுழலுமாம். ரிவர்ஸ் கியரே தேவையில்லையாம். ஏன் வரவில்லை?

பதில்: 2005இல் காட்டிய பிவோவில் மூவர் இருக்கும் கூடு 360 பாகையும் சுழலும். பின்னால் போக வேண்டுமென்றால் கூட்டைத் திருப்பி முன்னால் ஓட்டுவது போல ஓட்டலாம். கூடு சுழல வேண்டுமானால் ஸ்டியரிங்குக்கும் சில்லுக்கும் இடையில் இரும்புத்தண்டு இருக்க முடியாது. எல்லாம் மின்கம்பி வழியாகத்தான் போக வேண்டும்.

வராததன் காரணம் மோதல் பாதுகாப்பு. காரின் முன்பகுதி மடிந்து அடியை உள்வாங்கும்படி செய்யப்படுகிறது. ஆசனமும் காற்றுப்பையும் அந்தத் திசையை நம்பியே பூட்டப்படுகின்றன. கூடு சுழன்றால் எந்தப் பக்கம் முன்? அதோடு மோதலின் முழு விசையும் நடுவிலுள்ள ஒரே சுழல்தட்டில் இறங்கும்.

ஆனால் தம்பி, கம்பிவழி ஸ்டியரிங் வீணாகவில்லை. 2013இல் தன் சொகுசுக் கார்ப் பிரிவான இன்ஃபினிட்டியின் கியூ50 காரில் நிசான் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கட்டுப்பாட்டுக் கணினிகள் மூன்று, ஒன்றையொன்று சரிபார்க்கும். எல்லாம் செயலிழந்தால் ஒரு கிளச் ஒட்டிக்கொண்டு பழைய இரும்புத்தண்டை இணைத்துவிடும்.

மூதூர் வாசகர் (ஓய்வு பெற்ற ஆசிரியர்): புதிய கார்களில் பக்கக்கண்ணாடிக்குப் பதில் கமெரா வைக்கிறார்கள். என் வயதுக்காரருக்கு அது சரிவருமா, ஐயா?

பதில்: நீங்கள் வயதைக் குறிப்பிட்டது நல்லது. நிறுவனங்களின் விளம்பரங்களில் சொல்லாத ஒரு விடயம் இதில் உண்டு.

தட்டையான சாதாரணக் கண்ணாடியில் பின்னால் 30 மீற்றரில் வரும் லொறியைப் பார்க்கிறீர்கள் என்றால், உங்கள் கண் கண்ணாடித் தகட்டைக் குவிப்பதில்லை. தூரத்திலுள்ள லொறியையே குவிக்கிறது. வீதியைப் பார்த்த கண் அப்படியே கண்ணாடிக்குத் திரும்பினாலும் எல்லாம் தெளிவு. கமெரா வைத்தால் நீங்கள் பார்ப்பது ஒரு திரையை. அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நாற்பதைத் தாண்டி வாசிப்புக் கண்ணாடி போடுபவருக்கு அந்தத் திரை மங்கும். திரைக்காக வாசிப்புக் கண்ணாடி போட்டால் வீதி மங்கும். இருதூரக் கண்ணாடி போட்டாலும் கீழ்ப்பகுதிதான் கிட்டப்பார்வைக்கு. திரையோ கதவோரம் உயரத்தில் இருக்கும், கழுத்தை நிமிர்த்த வேண்டிவரும்.

ஜப்பான் 2016இல் கமெராக் கண்ணாடியைச் சட்டப்படி அனுமதித்தது. 2018இல் லெக்ஸஸ் இஎஸ் காரில் முதலில் வந்தது. காற்றின் தடை குறைவது, இரவில் பின்விளக்கு கண்ணைக் கூசாதது என்று நன்மைகள் உண்மையாகவே உண்டு. இருந்தாலும் உங்களுக்கு நாங்கள் சொல்வது: வாங்குமுன் உங்கள் வழக்கமான மூக்குக்கண்ணாடியோடு ஓட்டுநர் ஆசனத்தில் இருந்து, வெளியே 50 மீற்றரில் உள்ள ஒரு பலகையை வாசியுங்கள், உடனே திரையிலுள்ள வாகனத்தின் இலக்கத்தகட்டை வாசியுங்கள். இரண்டுக்கும் இடையில் கண் தடுமாறினால் வேண்டாம்.

நிசான் கார்கள் பலவற்றில் உள்நடுக்கண்ணாடியைத் திரையாக மாற்றும் வசதி உண்டு. கீழே ஒரு சிறு நெம்பு இருக்கும். அதைத் தட்டினால் மறுபடி சாதாரணக் கண்ணாடி. இது நல்ல ஏற்பாடு.

இன்னொன்று, கடலோரத்தில் கமெராவின் கண்ணாடியில் வெள்ளையாக உப்புப் படியும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்தூள் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட்டு, பிறகு மென்துணியால் ஒற்றுங்கள்.

நிலாவெளி வாசகர்: நம் ஊரில் வெயிலுக்குக் குறைவில்லை. கூரையில் சூரியத்தகடு போட்ட கார் வந்தால் சார்ஜ் செலவே இல்லாமல் ஓடலாமே?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரின் கூரையில் தகடு பதிக்கக்கூடிய பரப்பு ஏறக்குறைய 1.7 சதுர மீற்றர். உச்சி வெயிலில் சதுர மீற்றருக்கு 1,000 வாட் ஒளி விழும். நல்ல தகடு அதில் 22 சதவீதத்தை மின்சாரமாக்கும். ஆக 374 வாட். முழு வெயில் ஐந்து மணித்தியாலத்துக்குச் சமம் என்று கொண்டால் ஒரு நாளைக்கு 1.87 கிலோவாட்மணி (மின்கட்டணத்தில் வரும் ஓர் அலகுதான் ஒரு கிலோவாட்மணி). தகடு சூடேறி இழப்பது, சாய்வு சரியில்லாமல் இழப்பது, பற்றரிக்குள் ஏற்றும்போது இழப்பது எல்லாம் சேர்த்து 30 சதவீதம் கழித்தால் 1.3 மிஞ்சும். ஒரு கிலோவாட்மணிக்கு 7 கிலோமீற்றர் ஓடும் காருக்கு அது 9 கிலோமீற்றர்.

ஒன்பது கிலோமீற்றர் சும்மா கிடைக்கிறது என்று மகிழலாம். ஆனால் அதற்காகக் காரை நாள்முழுக்க வெயிலில் விட வேண்டும். உள்ளே கொதித்துப்போன காரைக் குளிர வைக்க ஏசி முதல் பத்து நிமிடம் 2 முதல் 3 கிலோவாட் இழுக்கும். கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். பற்றரியும் சூடாகும், அது எல்லாவற்றையும்விடப் பெரிய நட்டம். வாடைக்காற்று மாதங்களில் முகில் மூடினால் ஒன்பதும் மூன்றாகும்.

அதே பணத்துக்குத் தகட்டை வீட்டுக்கூரையில் பதியுங்கள். காரை வேப்பமர நிழலில் விடுங்கள்.

தம்பலகாமம் வாசகர்: ஜப்பானிலிருந்து வந்த 24 கிலோவாட்மணி லீஃப் ஒன்று விலைக்கு வருகிறது. திடநிலைப் பற்றரி வரப்போகிறது என்கிறார்கள். வாங்கவா, காத்திருக்கவா?

பதில்: திடநிலைப் பற்றரியை முதலில் பார்ப்போம். இன்றைய லித்தியம் பற்றரிக்குள் இரண்டு தகடுகளுக்கு இடையில் ஒரு திரவம் உண்டு. மின்னேற்றமுள்ள துகள்களான அயன்கள் அதன் வழியே போய்வரும். சூட்டில் அந்தத் திரவம் தகட்டோடு வினைபுரிந்து மேலே ஒரு படையாகப் படியும். படை தடிக்கத் தடிக்கக் கொள்ளளவு குறையும். திரவத்தை எடுத்துவிட்டுத் திடப்பொருளை வைத்தால் சூட்டுக்கு அஞ்ச வேண்டிய அளவு குறையும், சார்ஜும் வேகமாக ஏறும். 2023இல் நிசான் காட்டிய ஹைப்பர் ஃபோர்ஸ் என்ற 1,000 கிலோவாட் கான்செப்ட் இதை நம்பித்தான் வரையப்பட்டது. 2028 நிதியாண்டில் விற்பனைக்குக் கொண்டுவருவது அவர்களுடைய இலக்கு. வந்தாலும் முதலில் விலைகூடிய கார்களில்தான் வரும். பாவித்த காராக நம் துறைமுகத்தில் இறங்க இன்னும் பல வருடம் எடுக்கும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது அந்த லீஃப். அதன் பற்றரியைக் குளிர்விக்கத் திரவமும் இல்லை, விசிறியும் இல்லை. பெட்டியின் மேற்பரப்பில் படும் காற்றுதான். ஜப்பானின் குளிரில் அது போதும். கச்சான் வீசும் மாதங்களில் நம் தார்வீதிக்கு மேல் போதாது. ஆகவே வாங்குமுன் இவற்றைச் செய்யுங்கள்.

முகப்பில் வலது ஓரத்தில் பற்றரி நலத்தைக் காட்டும் சிறு கோடுகள் இருக்கும். புதிதில் 12. முதல் கோடு போனால் ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் 6.25 சதவீதம். 9 கோடு இருந்தால் 70 சதவீதம் அளவில் மிஞ்சியிருக்கிறது. அதாவது, நிதானமாக ஓட்டினால் ஏறக்குறைய 100 கிலோமீற்றர். திருகோணமலையிலிருந்து கந்தளாய் 40 கிலோமீற்றர், போய்வரலாம். ஹபரணைக்கு 85 கிலோமீற்றர். போய்ச் சேருவீர்கள், திரும்ப முடியாது.

கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். கருவி போட்டுக் கோடுகளைப் பன்னிரண்டாக்கிக் காட்டும் மோசடி உண்டு. சில வாரங்களில் அவை மறுபடி விழும். ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள சோதனைச் சொக்கற்றில் ஒரு புளூடூத் கருவியைப் பூட்டி, கைப்பேசியில் லீஃப்ஸ்பை செயலியைத் திறவுங்கள். 96 சோடிக் கலங்களின் வோல்டேஜும் பட்டை பட்டையாகத் தெரியும். சார்ஜ் 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது ஒருவர் ஓட்ட, மற்றவர் திரையைப் பார்க்க வேண்டும். மேட்டில் அழுத்தி ஏற்றும்போது எல்லாப் பட்டைகளும் சேர்ந்து இறங்கினால் நல்லது. ஒன்றோ இரண்டோ மட்டும் பள்ளம் விழுந்து, கூடியதற்கும் குறைந்ததற்கும் வித்தியாசம் 100 மில்லிவோல்டைத் தாண்டினால் அந்தக் கலங்கள் தளர்ந்துவிட்டன. நிறை சார்ஜில் இந்தச் சோதனை செய்தால் எதுவும் தெரியாது. விற்பவர் நிறை சார்ஜோடு கொண்டுவந்து காட்டினால் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு: தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். வெயிலில் ஓடி வந்தவுடன் சார்ஜ் போடாமல் இரவு பத்து மணிக்குப் பிறகு போடுங்கள். பற்றரியைக் கெடுப்பதில் தனிச் சூட்டைவிட, நிறைந்த பற்றரியோடு சேர்ந்த சூடு மோசம்.

2025இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை லீஃப் திரவத்தில் குளிரும் பற்றரியோடு வந்திருக்கிறது. அதன் முன்னோடி 2021இல் காட்டிய சில்-அவுட் என்ற கான்செப்ட். நம் ஊருக்குக் காத்திருப்பதென்றால் திடநிலைக்கு அல்ல, இதன் விலை இறங்குவதற்குக் காத்திருக்கலாம்.

சீனக்குடா வாசகி: 7 கிலோவாட் சார்ஜரை வீட்டில் பூட்டலாமா?

பதில்: 7.4 கிலோவாட் சார்ஜர் 32 அம்பியர் இழுக்கும். சாதாரண ஒற்றைக்கட்ட வீட்டு இணைப்பு 30 அம்பியர். அப்படியே பூட்டினால் மெயின் விழும். சார்ஜரை 16 அம்பியருக்குக் குறைத்து அமையுங்கள். 40 கிலோவாட்மணி பற்றரியை 20இலிருந்து 80 சதவீதமாக்க ஏழு மணித்தியாலம் எடுக்கும், ஓர் இரவுக்குள் அடங்கும். 6 சதுர மில்லிமீற்றர் செப்புக்கம்பி, தனி பிறேக்கர், நேரோட்ட (DC) மின்கசிவையும் உணரும் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். உங்கள் பக்கம் மணல் நிலம், ஏர்த் கம்பி ஒன்று போதாது. இரண்டை ஒரு கம்பி நீளம் இடைவெளி விட்டு இறக்கி, மின்னியலாளரைக் கொண்டு அளந்து பாருங்கள். பழைய உருண்டைத்துளைச் சொக்கற்றில் இரவுமுழுக்கச் சார்ஜ் போட வேண்டாம். உப்புக்காற்றில் உள்ளேயுள்ள பித்தளை பச்சை பிடித்திருக்கும்; அங்கேதான் சூடேறிக் கருகும்.

குச்சவெளி வாசகர்: 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது மின்சாரம் இல்லாமல் தவித்தோம். காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுப்பதைக் கான்செப்ட் கார்களில் காட்டுகிறார்கள். என் பழைய லீஃபில் முடியுமா?

பதில்: இது கான்செப்ட் மேடையைத் தாண்டிப் பல வருடமாகிவிட்டது. நிசான் 2012இலேயே ஜப்பானில் லீஃபிலிருந்து வீட்டுக்கு 6 கிலோவாட் வரை கொடுக்கும் பெட்டியை விற்பனைக்கு விட்டது. உங்கள் காரின் வேகச்சார்ஜ் துவாரம் இருபக்கமும் மின்சாரம் விடக்கூடியது. சிக்கல் பெட்டியில்: அது ஜப்பானின் 100, 200 வோல்டுக்குச் செய்தது, நம் வீடு 230. ஆகவே பழைய பெட்டி மலிவாக வருகிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

கையிலுள்ளதை வைத்துச் செய்யக்கூடியது இது. பொனற்றுக்குள் இருக்கும் 12 வோல்ட் பற்றரியில் ஓர் இன்வேர்ட்டர் பூட்டலாம். கார் ஓடத் தயார் நிலையில் இருக்கும்போது பெரிய பற்றரி சிறிய பற்றரிக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். இன்வேர்ட்டர் 1,000 வாட், தூய சைன் அலை, கணநேரம் 2,000 வாட் தாங்குவதாக இருக்க வேண்டும். முழுச்சுமையில் அது 80 அம்பியருக்கு மேல் இழுக்கும். 25 சதுர மில்லிமீற்றர் கம்பி, ஒன்றரை மீற்றருக்கு மேல் வேண்டாம், பற்றரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 100 அம்பியர் பியூஸ். பியூஸை இன்வேர்ட்டர் பக்கம் வைத்தால் பயனில்லை. நடுவில் கம்பி உராய்ந்தால் தீப்பிடிப்பது பியூஸுக்கு முன்னால்தான்.

காரைத் தயார் நிலையில் வைக்க மறந்து சும்மா பூட்டினால் சிறிய பற்றரி அரை மணித்தியாலத்தில் விழுந்துவிடும். பிறகு காரே திறக்காது.

சுமையைக் கணக்கிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி சராசரியாக 80 வாட், இரண்டு விசிறி 120, ஐந்து விளக்கு 50. மொத்தம் 250 வாட். கார் தயார் நிலையில் சும்மா நிற்பதற்கே இன்னும் 250 வாட் அளவு எடுக்கும். ஏசியை அணையுங்கள், விளக்குகளையும் அணையுங்கள். மணிக்கு அரைக் கிலோவாட்மணி. மாலை ஆறிலிருந்து பதினொன்றுவரை ஐந்து மணித்தியாலத்துக்கு 2.5. பற்றரியில் 12 கிலோவாட்மணி இருந்தால் நாலு இரவு வரும், ஓர் அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடவும் கொஞ்சம் மிஞ்சும். தண்ணீர் மோட்டரைப் பூட்டாதீர்கள். தொடங்கும் கணத்தில் ஐந்தாறு மடங்கு இழுத்து இன்வேர்ட்டரைச் சாய்த்துவிடும். புயலுக்கு முன்பே தொட்டியை நிரப்பிவிடுங்கள்.

ஒரேயொரு விடயத்தைக் கெஞ்சிக் கேட்கிறோம். இன்வேர்ட்டரின் வயரை வீட்டுச் சுவர்ச் சொக்கற்றில் செருகி வீடு முழுக்க மின்சாரம் விடப் பார்க்காதீர்கள். அது மீற்றர் வழியாக வெளிக்கம்பிக்கு ஏறும். அறுந்த கம்பியைக் கட்டிக்கொண்டு கம்பத்தில் நிற்கும் மின்சார சபை ஊழியரின் உயிரை எடுத்துவிடும். நீட்டு வயரில் நேராகச் சாதனங்களைப் பூட்டுங்கள். வீடு முழுக்க வேண்டுமானால் மின்னியலாளரைக் கொண்டு மாற்றுச் சுவிட்ச் பூட்டிய பிறகுதான்.

கந்தளாய் வாசகர்: ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓட்டும் வசதியுள்ள நிசான் இங்கே அப்படி ஓடுமா?

பதில்: ஓடாது. 2019இல் நிசானின் ஸ்கைலைன் காரில் வந்த இந்த வசதி, பெயர் புரோபைலட் 2.0, ஜப்பானின் விரைவுவீதிகளை அங்குலம் அங்குலமாக அளந்த வரைபடத்தை நம்பி இயங்குவது. அந்த வரைபடம் நம் நாட்டுக்கு இல்லை. முன்னால் போகும் வாகனத்தோடு இடைவெளி காப்பது வேலைசெய்யும், கோடு தெளிவான இடங்களில் மட்டும் பாதை காக்கும். இரவில் ஹபரணைப் பாதையில் யானை குறுக்கிடும் இடங்களில் அதையும் அணைத்துவிடுங்கள்.

பாலையூற்று மாணவி: எனக்குக் கார் வடிவமைப்புப் படிக்க ஆசை. வீட்டில் களிமண் மாதிரி செய்து பழக முடியுமா? எங்கே தொடங்குவது?

பதில்: முடியும் தங்கச்சி, இன்றைக்கே தொடங்கலாம். பெரிய நிறுவனங்களில் இன்றும் முழு அளவுக் காரைக் களியில் செய்கிறார்கள். இரும்புச் சட்டம், மேலே கடினமான நுரை, அதற்கு மேல் 55, 60 பாகை சூட்டில் இளக்கிய மெழுகுக் களி. இயந்திரம் வெட்டிய பிறகு மனிதர் கையால் சீவுவார்கள். ஒளி வளைவில் எப்படி வழுக்கிச் செல்கிறது என்பது கணினித் திரையில் முழுதாகத் தெரியாது.

நீங்கள் பத்தில் ஒரு அளவில் தொடங்குங்கள். அரியாவின் அளவையே எடுத்தால் நீளம் 46 சென்ரிமீற்றர், அகலம் 18.5, உயரம் 16.5, சில்லு மையங்களுக்கு இடையில் 27.75, டயர் விட்டம் 7.4. முதலில் தாளில் பக்கவாட்டுப் படம். சில்லு இரண்டையும் போட்டுவிட்டுத்தான் உடலை வரைய வேண்டும். உடலை முதலில் வரைந்தால் சில்லு எப்போதும் சின்னதாகிப் பொம்மைக் கார் போலாகிவிடும்.

உள்கட்டைக்கு ரிஜிபோம் (பொதிகளில் வரும் வெள்ளை நுரைப்பலகை). படத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் சிறிதாக வெட்டுங்கள். துண்டுகளை ஒட்டப் பைண்டர் கம் போதும். ரப்பர் சொலூஷனும் ஸ்பிரே பெயின்றும் ரிஜிபோமைக் கரைத்துக் குழியாக்கிவிடும். வெட்டியபின் தூளைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, உலரவிடுங்கள். தூள் இருந்தால் களி ஒட்டாது, இரண்டாம் நாள் தோலாக உரியும்.

பள்ளிக்கூடப் பிளாஸ்ரிசின் களி ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு முழுக் காருக்கு நாலு கிலோ அளவு பிடிக்கும். செலவு கூட என்றால் பாதிக் காரை மட்டும் செய்யுங்கள். நடுக்கோட்டில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினால் முழுக் கார் தெரியும். இரண்டு கிலோவில் முடிந்துவிடும், இடமும் வலமும் பொருந்தவில்லையே என்ற தலைவலியும் இல்லை.

கருவிக்குப் பழைய ஹக்சோ பிளேட். பல்லுள்ள விளிம்பால் முதலில் குறுக்கும் மறுக்குமாகச் சீவுங்கள். மேடு எங்கே என்று பல்வரிகள் காட்டிக்கொடுக்கும். பிறகு பல்லில்லாத விளிம்பால் நீளவாக்கில் இழுங்கள். பிளேட்டைக் களிக்கு நேர்குத்தாகப் பிடித்தால் துள்ளும், அலை அலையாகும். இழுக்கும் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். இரண்டரைச் சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் காட்போட் குறுக்குவெட்டு அச்சுகள் வெட்டி வைத்து அடிக்கடி வைத்துப் பாருங்கள்.

நம் ஊர் மதியச் சூட்டில் பிளாஸ்ரிசின் வெண்ணெய் போலாகும், விரல் பட்ட இடமெல்லாம் பள்ளம். விடியற்காலையில் சீவுங்கள். அதற்கு முன் மாதிரியைப் பொலித்தீனில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் அரை மணித்தியாலம் வைத்தால் கத்திபோல் வெட்டலாம். உறையவிடும் பகுதியில் வைக்க வேண்டாம், வெடிக்கும்.

முடிந்ததும் சமையல் அலுமினியத் தாளை மெல்ல ஒட்டி, ஜன்னல் அருகே வைத்து, ஜன்னல் சட்டத்தின் பிரதிபலிப்பைப் பாருங்கள். அந்தக் கோடு பொனற்றிலிருந்து பின்சில்லுவரை உடையாமல் ஓட வேண்டும். நெளியும் இடத்தில் பென்சிலால் குறித்து, தாளை உரித்து, மறுபடி சீவுங்கள். முதல் மாதிரிக்கு இருபது தடவை உரிக்க வேண்டிவரும்.

படிப்புக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டப்படிப்பு உண்டு. அதற்கு உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். செய்யும் ஒவ்வொரு மாதிரியையும் தாளை உரிப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்துத் திகதி போட்டு வையுங்கள்.